பதினாறாவது கட்டளை

என் அன்புக் கழுதையே, ஃபிலோ,

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். சேலைகூட மாற்றவில்லை. தலையோடு குளித்தால் தேவலை போலிருக்கிறது. ஆனால் இந்த அருவருப்பு தண்ணீருக்குப் போகாது, உன்னிடம் கொட்டினால்தான் போகும்.

யார் வந்தார்கள் தெரியுமா? மோகனும் சேகரும். நம் வகுப்புத் தோழர்கள், அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நீ படுக்கையில் கிடந்தபோது ஒரு தடவை எட்டிப் பார்க்காதவர்கள். மோகன் இப்போது பாயான் லெப்பாஸில் ஏதோ தொழிற்சாலைக்கு மேனேஜர். அவன் கொண்டுவந்த மலர்வளையத்தில் உன் பெயரைவிட அவன் பெயர்தான் பெரிதாக இருந்தது. சேகர் அவனுக்குப் பின்னால் நின்றான், கல்லூரியில் நின்ற மாதிரியே.

பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில் தேநீர். உன் மகள் ரீத்தா கறி பஃப் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு வந்தாள். பதினாறு வயதில் அப்படியே உன் நடை. மோகன் அவளை நிறுத்தினான்.

“கம்ப்யூட்டர் படிக்கப் போறியாமே? உங்கம்மாவுக்கு நாங்கதாம்மா அதெல்லாம் சொல்லிக் குடுத்தோம். நாங்க செஞ்ச அசைன்மெண்ட்ட பாத்துத்தான் எழுதுவா. பாவம், நாங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

“ஆமா லா, பாவம்,” என்றான் சேகர், வாயில் கறி பஃப்போடு.

செத்தவளின் பூசைக்கு வந்து, அவள் பெற்ற பிள்ளையின் கையால் வாங்கித் தின்றுகொண்டே பேசுகிற பேச்சா இது? ச்சீ, என்ன ஜென்மங்கள்! ரீத்தாவின் முகம் சுருங்கிவிட்டது. அம்மாவைப் பறிகொடுத்தது போதாதா, அம்மா காப்பியடித்தவள் என்ற நினைப்பையும் அவள் சுமக்க வேண்டுமா?

அந்த அசைன்மெண்ட் உனக்கு மறந்திருக்காது. எழுபதுகளின் கடைசி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை, மின்விசிறிக்குக் கீழே நம் மேசை. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைத் தாளில் வடிவமைக்க வேண்டும். அதற்குப் பதினாறே கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் பேரிட்டி பிட் போட வேண்டும், அதாவது கட்டளையின் பூஜ்யம்-ஒன்று வரிசையில் ஒன்றுகளை எண்ணி, மொத்தம் இரட்டைப்படையாக வரும்படி கடைசியில் இன்னொரு பிட், ஒரு பூஜ்யமோ ஒன்றோ, சேர்க்க வேண்டும். கூட்டு, கழி, இன்ன இடத்துக்குத் தாவு, நில் என்று நான் எல்லோரையும் போல எழுதிக்கொண்டிருந்தேன். நீ ‘நில்’ என்பதை அடித்துவிட்டுப் பதினாறாவதாக ‘ஒன்றுகளை எண்ணு’ என்று எழுதினாய். பேரிட்டி பார்ப்பதற்கென்றே தனிக் கட்டளை! யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

“நில்லுன்னு ஒண்ணு இல்லாம மெஷின் எப்படிடி நிக்கும்?” என்று கேட்டேன்.

“இருக்கிற எடத்துக்கே தாவச் சொல்லுங்க, யாழ்ப்பாணத்து அக்கா. அங்கேயே குதிச்சிக்கிட்டுக் கெடக்கும். நின்ன மாதிரிதான் லா.”

யாழ்ப்பாணத்து வம்சம், அதோடு உன்னைவிட நாலு மாதம் மூத்தவள் என்பதற்காக எனக்கு அந்தப் பட்டம். நாம் முடிக்கிற நேரம் பார்த்து அந்த இரண்டு பேரும் வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஃபோட்டோஸ்டாட் எடுத்துவிட்டு உடனே தருகிறோம் என்று உன் தாள்களை வாங்கிப் போனார்கள். நீயும் கொடுத்தாய்.

மூன்று பேர் மெஷினில் ‘நில்’ இல்லை என்றதும் விரிவுரையாளர் கூப்பிட்டு விசாரித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம், ஃபிலோதான் வாங்கிப் பார்த்தாள் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நீ எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று நான் கத்தினேன். அவர் என்னிடம், நீ அவள் தோழி, அப்படித்தான் சொல்வாய், அவர்கள் இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறதே என்றார். நீ விளக்க வாயைத் திறந்தாய். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். உனக்குப் பூஜ்யம். அடுத்த வருஷம் இளையவர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படித்தாய்.

அந்த மனுஷன்தானே நமக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார்? ஒரு பிட் கெட்டால் பேரிட்டி காட்டிக்கொடுக்கும், இரண்டு பிட் சேர்ந்து கெட்டால் கணக்குச் சரியாக வந்து பிழை தெரியாமலே போய்விடும் என்று? தான் நடத்திய பாடத்தை அவர் ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருப்பாரா? அவர்கள் பொய்யைவிட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அவர் கேட்காத கேள்வியை இன்று நான் கேட்டேன்.

“மோகன், நீங்க செஞ்ச மெஷின்ல நில்லுங்கிற கட்டளையே இல்லையே. அப்புறம் எப்படி அது நிக்கும்?”

சிரித்தான். “யோகா, அது எந்தக் காலத்துக் கதை! சுவிட்ச ஆஃப் பண்ணா நின்னுட்டுப் போவுது.”

“ஆமா லா, சுவிட்ச்,” என்றான் சேகர்.

ரீத்தா தட்டை மேசையில் வைத்தாள். “ஆண்ட்டி, தாவச் சொல்ற கட்டளை இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

“அப்போ இருக்கிற எடத்துக்கே தாவச் சொன்னா போதுமே. அங்கேயே கெடக்கும்.” பிறகு மோகனைப் பார்த்தாள். “அங்கிள், நீங்க செஞ்சது உங்களுக்கே தெரியலயா?”

ஃபிலோ, நீ இதை அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாயா? இல்லை, அவளாகவே யோசித்தாளா? அவர்கள் எதிரில் நான் அதைக் கேட்கவில்லை. மோகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வேலை இருக்கிறது என்றான். சேகருக்கும் அதே வேலை இருந்தது.

அவர்கள் போனதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அது அம்மா செஞ்சதுதானே, ஆண்ட்டி? நில்லுக்குப் பதிலா அம்மா என்ன வச்சாங்க?”

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பதினாறையும் உன் பெயரில் அவளுக்குச் சொல்வேன். அந்த விசாரணையில் நடந்ததையும் ஒளிக்காமல் சொல்வேன். நாளைக்கு அவளும் ஏதாவது ஒரு அறையில் தனியாக நிற்பாள், எதிரே இரண்டு பேர் ஒத்துப் பேசுவார்கள். நான் உயிரோடு இருக்கிறவரை, உன் மகள் வாயைத் திறக்கும்போது எவனும் கையைக் காட்டி நிறுத்த விடமாட்டேன்.

நாலு மாதம் மூத்த,
உன் யாழ்ப்பாணத்து அக்கா,
யோகா