உகார்த்திதா என்னும் கல்

மொரேலியா, 4 நவம்பர் 1974

மூன்று மணி நேரக் கூட்டம். நிலவியல் துறைத்தலைவர் நாற்காலி டிசம்பரில் காலியாகிறது. மெக்சிகோ நகர மாநாட்டில் புதிதாக எதையாவது சொல்பவருக்குத்தான் அது என்று ஜாடை காட்டினார்கள். யார் இருக்கிறார்கள் போட்டிக்கு? பத்து வருடமாகக் கூழாங்கல் எண்ணிக்கொண்டிருக்கும் பர்ராகானா?

என்னிடம் சாண்டா கிளாரா பக்கத்துச் சோளக்காட்டில் கிடைத்த கருங்கல் இருக்கிறது. காட்டுக்காரர் தோன் கிறிஸ்பின், "அதுவா, எஸ்கோரியாங்க. ஏர்ல மாட்டி உசுர வாங்குது, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். எரிமலைக் கசடு என்று அவருக்குக்கூடத் தெரிகிறது. பர்ராகானுக்குச் சொன்னாலும் ஏறாது.

7 நவம்பர்

கல்லின் சீவல் தயார். ஆய்வக உதவியாளர் தோன்யா எதுவிஹெஸ் கல்லை முடியைவிட மெல்லியதாக உரசிக் கண்ணாடியில் ஒட்டுவதில் கெட்டிக்காரி. எழுத்துதான் கோழிக் கிறுக்கல். ஒலிவின் என்ற ஒரு கனிமப் பெயரில் இரண்டு பிழை.

"இது எஸ்கோரியாதானே, டாக்டர்?" என்றாள்.

"ஆமாம்மா, எஸ்கோரியாதான்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நுண்ணோக்கியில் குனிந்துவிட்டேன். பாடப்புத்தகத்து ஒலிவின் குட்டையாக, ஆறு பக்கம் காட்டி, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். நிதானமாகக் குளிர்ந்தால் அப்படி. இது ஏணி ஏணியாக, நடுவில் பொள்ளலாக, நீளமாக ஓடுகிறது. சட்டென்று உறைந்த படிகம். இந்த மாநிலத்தில் இப்படி எவனும் பார்த்ததில்லை.

15 நவம்பர்

பகுப்பாய்வு வந்தது. ஒலிவினில் மெக்னீசியமும் இரும்பும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும். நம் எரிமலைகளில் மெக்னீசியம்தான் கூடுதல். இதில் ஏறக்குறைய எல்லாமே இரும்பு. "எரிமலைக் கல்லுக்குத் துத்தநாகம் அதிகம், மாதிரியைச் சரிபார்க்கவும்" என்று கீழே ஒரு குறிப்பு. சந்தேகப் பிராணிகள்.

பெயரும் வைத்துவிட்டேன்: உகார்த்திதா. உகார்தே என்ற என் குடும்பப் பெயர் கல்லில் நிற்கட்டும். கட்டுரைச் சுருக்கம் அச்சுக்குப் போயிற்று.

18 நவம்பர்

"டாக்டர், இதுல செம்பு மணி மணியா இருக்கு பாருங்க. எங்க ஊர்ல..." என்று எதுவிஹெஸ் ஆரம்பித்தாள்.

"இயற்கைச் செம்பு. இன்னும் நல்லது" என்று வெட்டிவிட்டேன். செம்புப் பானை தட்டும் ஊரில் பிறந்தவள். எதைப் பார்த்தாலும் செம்புதான்.

26 நவம்பர்

மாநாட்டுக்குப் படம் எடுக்கச் சோளக்காட்டுக்குப் போனேன். லாவாவின் அடிப்பக்கம் வேண்டும் என்றேன். தோன் கிறிஸ்பின் கடப்பாரை போட்டுப் புரட்டினார்.

லாவாவின் அடியில் ஒரு செங்கல் ஒட்டியிருந்தது. அதில் அறுத்தவனின் கட்டைவிரல் ரேகை.

"இங்க உலை இருந்துச்சுங்களே. செம்பு உருக்குவாங்க. அதான் அன்னிக்கே எஸ்கோரியான்னேன்."

எரிமலை துப்புவதும் எஸ்கோரியா, உலை கழிப்பதும் எஸ்கோரியா. இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்துகிறேன். எந்த எஸ்கோரியா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இரும்பு சொல்லியது, துத்தநாகம் சொல்லியது, செம்பும் சொல்லியது. கழுதை. வேறென்ன சொல்ல?

சூடாகக் கொருந்தா என்ற சோளக் கொழுக்கட்டை கொடுத்தார். பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

27 நவம்பர்

காய்ச்சல், வர இயலாது என்று மாநாட்டுக்குத் தந்தி. காய்ச்சல் ஒன்றும் இல்லை.

12 டிசம்பர்

நாற்காலி பர்ராகானுக்கு. கை குலுக்கினேன். கூழாங்கல்லை அவர் குறைந்தபட்சம் கூழாங்கல் என்றுதான் எழுதினார்.

ஆய்வகத்தில் தோன்யா எதுவிஹெஸிடம், "உலைக் கசடுன்னு பளிச்சுனு சொல்லியிருக்கலாமே" என்றேன். இப்போதும் பழியை அவர் தலையில்தான் போடப் பார்க்கிறேன்.

"முதல் நாளே சொன்னேன் டாக்டர். நீங்களும் ஆமான்னீங்களே" என்றார்.

சீவல் பெட்டியைத் திறந்தேன். புதுச் சீட்டு ஒட்டியிருந்தார்: "உகார்த்திதா. செம்பு உலைக் கசடு. மாணவர்களுக்குக் காட்ட."

எழுத்துப்பிழை தேடினேன். ஒன்றுகூட இல்லை.