ஏரிக்கரையிலிருந்து பேசுகிறேன்

உடையார்பாளையம்,
10.6.1996

பெரம்பலூரில் இருப்பவருக்கு உடையார்பாளையத்தில் இருப்பவள் எழுதுவது.

நான் அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று நீங்கள் போன் செய்தபோது மூன்று நிமிடத்தில் பதினோரு தரம் 'ம்' சொன்னீர்கள். எண்ணிக்கொண்டிருந்தேன். கடிதத்தில் வெறும் 'ம்' எழுதி அனுப்ப முடியாதல்லவா, அதனால் இனிமேல் கடிதம்தான்.

அப்பா ஆசை ஆசையாய் ஓட்டிவிட்டு நமக்குக் கொடுத்த அம்பாசிடர் அது. அதன் கூரையில் துளை போட்டு, ஊர் ஊராய் முகம் தெரியாதவர்களோடு பேசும் உங்கள் ஹாம் ரேடியோவுக்குக் கம்பி நட்டீர்கள். தா.பழூர் கல்யாணத்துக்குப் போகும் வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. துளை வழியாக ஒழுகி அம்மாவின் பட்டுப்புடவை நனைந்தது. அம்மா சீர்த் தட்டைக் கவிழ்த்துத் தலைக்குமேல் பிடித்தபடி மண்டபத்தில் இறங்கினாள். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் நான் அப்படியே இங்கே வந்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படியே நினைத்துக்கொண்டால் உங்களுக்கு வசதிதான்.

காரணம் உங்களுக்குத் தெரியும். மாசியில், ஏழாம் மாதத்தில் எனக்கு வலி கண்ட அன்று நீங்கள் காரை எடுத்துக்கொண்டு பச்சைமலைக்குப் போயிருந்தீர்கள். உயரத்திலிருந்து பேசினால் வெகுதூரம் கேட்கும் என்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் அக்காதான் என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நீங்கள் வந்து சேர்ந்தபோது பிள்ளை தங்காமல் எல்லாம் முடிந்திருந்தது. அதையாவது மன்னித்துவிடலாம். எனக்கு மயக்கம் தெளிந்ததும், "புள்ளைய எங்கங்க?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கிட்டாங்க" என்றீர்கள். அத்தோடு சரி. இன்றுவரை அதைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பெண் குழந்தை என்று எனக்குச் சொன்னதுகூட நர்ஸ்தான்.

கொழும்பில் முகம் தெரியாத ஒருவரிடம் அங்கே மழை பெய்கிறதா என்று விசாரிக்கிறீர்கள். என்னிடம் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் திரும்பி வருவதா வேண்டாமா என்று யோசிப்பேன்.

இப்படிக்கு,
கமலவேணி


பெரம்பலூர்,
17.6.1996

அன்புள்ள வேணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு சுகம். கூரைத் துளையைச் சுற்றி எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். நான்கு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. அத்தையிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லவும்.

மின்வாரிய ஆபீசில் வேலை அதிகம். பெரம்பலூர் தனி மாவட்டமானதிலிருந்து தினம் ஒரு கூட்டம். பாப்பாயி வந்து வீடு பெருக்கிப் பாத்திரம் கழுவிவிட்டுப் போகிறாள். கொல்லை முருங்கை காய்த்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ கேட்டதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இன்லேண்டில் இடம் போதவில்லை.

அன்புடன்,
முத்தமிழ்செல்வன்


உடையார்பாளையம்,
2.7.1996

இடம் போதாதவருக்கு,

உங்கள் இன்லேண்டில் முக்கால் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் அம்மா பலசரக்குச் சாமான் எழுதிக் கடைக்கு அனுப்பினாள்.

நேரத்துக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து மோர்ச்சோறு, தொட்டுக்கொள்ள மிக்சர். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வியாழக்கிழமையிலிருந்து வறட்டு இருமல். அலமாரியின் மேல்தட்டில் சுக்கு இருக்கிறது, தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். சனிக்கிழமை கார் பேட்டரி இறங்கிப்போய், ஆடு மேய்க்கிற இரண்டு பேர் தள்ளிவிட்டுத்தானே வீடு வந்து சேர்ந்தீர்கள்?

இன்னொன்று கேட்கிறேன். தினம் காலை ஆறரைக்குக் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு எதற்குப் போகிறீர்கள்? வாசலில் நிறுத்திப் பேசினால் உங்கள் செட் பேசாதா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான் கேட்ட வார்த்தை இன்னும் வரவில்லை, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கமலவேணி


பெரம்பலூர்,
9.7.1996

அன்புள்ள வேணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். நான் மிக்சர் தின்றது எனக்கும் மிக்சருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

முதலில் பாப்பாயியைத்தான் விசாரித்தேன். "எனக்கு எளுதத் தெரியுமா சாமி? வூட்டு வேலையப் பாக்கறதா, ஒங்க இருமல எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கறதா?" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனவள் இரண்டு நாள் வரவில்லை. அடுத்து எங்கள் லைன்மேன் அண்ணாதுரை மேல் சந்தேகம். அவனுக்கு உடையார்பாளையத்தில் மாமியார் வீடு இருக்கிறது. அவனோடு மூன்று நாளாக நான் பேசவில்லை. பாவம், காரணம் தெரியாமல் தினமும் டீ வாங்கி வந்து என் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறான்.

ஏரிக்கரைக்குப் போவது இரைச்சல் இல்லாமல் இருக்கத்தான். அங்கே பக்கத்தில் கரண்ட் கம்பி கிடையாது. எனக்குச் சோறு போடும் கம்பியே என் ரேடியோவுக்கு எதிரி, என்ன செய்வது? அங்கிருந்து பேசினால் அரியலூர் அங்கமுத்து சார் எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கிறார். டைப்ரைட்டிங் சென்டர் வைத்திருக்கிறாரே, லைசென்ஸ் வாங்கியதிலிருந்து என்னோடு பேசுகிறவர், அவர்தான்.

சுக்குக் கஷாயம் குடித்தேன். இருமல் பரவாயில்லை. நீ கேட்டதை மறக்கவில்லை. எழுதுகிறேன்.

அன்புடன்,
முத்தமிழ்செல்வன்


உடையார்பாளையம்,
18.7.1996

உங்களுக்கு,

முதலில் அண்ணாதுரையோடு பேசுங்கள். பாப்பாயிக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

சொன்னது நீங்களேதான். போன மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவின் பழைய வால்வு ரேடியோவில் செய்தி கேட்கலாம் என்று சிற்றலையில் முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் உங்கள் குரல். "சார், ஏரிக்கரையிலிருந்து பேசறேன். காத்து நல்லா வருது. நேத்தும் மோர்ச்சோறுதான்" என்றீர்கள். மடியில் இருந்த முந்திரிப் பருப்பெல்லாம் தரையில் கொட்டிவிட்டது.

நாற்பது நிமிடம் பேசினீர்கள். கல்யாணமான நான்கு வருடத்தில் நீங்கள் தொடர்ந்து நாற்பது நிமிடம் பேசி நான் கேட்டதில்லை. சிரித்தீர்கள். கதை சொன்னீர்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு டைப்ரைட்டிங் மாஸ்டரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறுநாளும் ஆறரைக்கு வைத்தேன். அப்புறம் தினமும். அப்பாவும் பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம் ஒரே பக்கத்தைப் படிப்பார்.

இந்த ஞாயிறு, பதினான்காம் தேதி, அங்கமுத்து சார் விளையாட்டாகக் கேட்டார். "என்னப்பா, இப்பல்லாம் பச்சைமலைப் பக்கமே போறதில்லையே?"

அதற்கு நீங்கள் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இனிமே மலைக்குப் போறதில்ல சார். அன்னைக்கு அஞ்சு மணிக்கே எறங்கிருக்கணும். கொழும்பு கெடைச்சிடுச்சுன்னு இன்னும் அரை மணி ஒக்காந்துட்டேன். ஆஸ்பத்திரில துண்டுல சுத்தி எங்கையில குடுத்தாங்க சார். தலை நெறைய முடி. இந்தக் கரையிலதான், புங்கமரத்துக்கிட்ட, நானே குழி வெட்டி வச்சேன். அவ பாக்கல. பாத்தா தாங்க மாட்டான்னு ஆஸ்பத்திரிலயே பாத்துக்கிட்டாங்கன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப அத எப்புடி மாத்திச் சொல்றதுன்னு தெரியல. தெனம் இங்க வந்து நிக்கிறேன், அவ்வளவுதான். ஓவர்."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்குப் போய்விட்டார். வெயில் ஏறியும் வரவில்லை. நான் ரேடியோவை அணைத்துவிட்டு அழுதேன். கோபமாகவும் வந்தது. என் பிள்ளைக்குத் தலை நிறைய முடி இருந்தது என்று அரியலூரில் ஒருவருக்குத் தெரிகிறது. எனக்கு அது ரேடியோவில் தெரிய வேண்டியிருக்கிறது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

கமலவேணி


பெரம்பலூர்,
29.7.1996

அன்புள்ள வேணிக்கு,

போன திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. அன்றிலிருந்து செட்டை ஆன் செய்யவில்லை. மூன்று இன்லேண்ட் கிழித்துவிட்டேன், இது நான்காவது.

நானே பழைய முறையில் கட்டிய செட் அது. சிற்றலை உள்ள எந்த ரேடியோவிலும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்க யாராவது இருப்பார்கள் என்று நினைக்கவில்லை, அதுவும் நீ. லைசென்ஸ் உள்ளவர் லைசென்ஸ் உள்ளவரோடு மட்டும்தான் பேசலாம், வீட்டுக்குச் சேதி சொல்லக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் உனக்குச் சொல்ல வேண்டியது மட்டும் அதில்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

என் குரல் கேட்கவில்லையே என்று அங்கமுத்து சார் பஸ் ஏறி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "பொண்டாட்டி காது குடுத்துக் கேக்கறான்னு வாயை மூடிக்கிட்ட மொத ஆளு நீதான்யா" என்று திட்டினார். திட்டிவிட்டு அவரே உப்புமா கிண்டிப் போட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். எதிரில் முகம் இருந்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை, வேணி. உன் முகம் இருந்தால் சுத்தமாக வராது. காருக்குள் உட்கார்ந்து, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் எப்படியோ வருகிறது. இது சமாதானம் ஆகாது என்று தெரியும். அரை மணி முன்னால் இறங்காதது ஒரு தப்பு. உன்னைப் பார்க்க விடாமல் நானே முடிவு செய்து புதைத்தது அதைவிடப் பெரிய தப்பு. மன்னித்துவிடு.

செட்டை அங்கமுத்து சாரிடமே கொடுத்துவிடப் போகிறேன். கம்பியைக் கழற்றி, துளைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துக் காரை மாமா கொடுத்தபடியே ஆக்கிவிடுகிறேன். அப்போதாவது வருவாயா?

முத்தமிழ்செல்வன்


உடையார்பாளையம்,
5.8.1996

என்னங்க,

இரண்டு வாரமாக ஆறரைக்கு ரேடியோவை வைத்தால் வெறும் இரைச்சல். அப்பா தினமும், "கார் பேட்டரி எறங்கிருக்கும்" என்கிறார். நேற்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அந்தக் கம்பியக் கழட்ட வேணாம்னு மாப்பிள்ளைக்கு எளுது" என்றார். காரில் ஒரு கீறல் விழுந்தால் மூன்று நாள் பேசாத மனுஷன். அம்மா மட்டும், இனி எங்கே போனாலும் தான் முன் சீட்டில்தான் உட்காருவேன் என்கிறாள்.

செட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். உங்களை நாற்பது நிமிடம் பேச வைத்த சாமான் அது ஒன்றுதான். அதன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. உங்கள்மேல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆடி முடியாமல் அனுப்ப மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நான் வீட்டுக்குப் போகவில்லை, முதலில் ஏரிக்கரைக்குப் போகிறேன் என்றேன். அவள் எழுந்துபோய் என் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

காரைப் புங்கமரத்துக்கிட்டே நிறுத்துங்கள். நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் திரும்ப வேண்டாம், கண்ணாடிக்கு வெளியேயே பாருங்கள். செட்டை அணைத்துவிட்டு மைக்கை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கமுத்து சாரிடம் சொன்னதை எனக்கு முதலிலிருந்து சொல்லுங்கள். துண்டு என்ன நிறம், முகம் யார் ஜாடை, எந்தப் பக்கம் தலை வைத்தீர்கள், எல்லாம் சொல்லுங்கள். பெண்டாட்டியிடம் பேச லைசென்ஸ் வேண்டியதில்லை.

முடித்ததும் வழக்கம்போல 'ஓவர்' சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் பேசுவேன். அவளுக்கு நான் வைத்திருந்த பெயரை உங்களிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள்,
வேணி