உறுமியை யார் வாசித்தது?

மடிக்கணினிப் பைக்குள் சார்ஜரைத் தேடிய கையில் உன் உறுமிக் குச்சி அகப்பட்டது. வளைந்த முனையில் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. நாளை பத்து பாகாட் நகரில் நிகழ்ச்சி. நீ வழக்கம்போல் வாசிக்கப் போகிறாய்; நான் பொத்தானை அழுத்தினால் போதும். செத்த பிறகும் உன்னை வேலை வாங்குகிறேன்.

தெப்ராவில் உன் வீட்டுக் குளியலறையில்தான் பதிவு செய்தோம். கதவிடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு, தோலில் குச்சியைத் தேய்த்து அந்த முனகலை எழுப்பினாய். சாவு வீட்டில் நீ வாசிக்கும் அடி அது. அதன்மேல் நான் ராப் வரிகளையும் எலெக்ட்ரானிக் இசையையும் ஏற்றினேன். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. வானொலியில் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"எம் பேர ஒரு தடவ சொல்லிடு மச்சான். அம்மா கேட்டுக்கிட்டு இருப்பாங்க."

அறிவிப்பாளர் எடுத்த எடுப்பிலேயே, எல்லாச் சத்தமும் ஒரே ஆள் செய்ததாமே என்று வியந்தார். அந்த வியப்பு எனக்கு இனித்தது. சாவு மேளம் அடிப்பவன் பெயரை அதில் சேர்க்க மனம் வரவில்லை. ஆமாம் என்றேன். பிறகு அங்கேயே நேரலையில் பாடினேன். உன் உறுமி முனகியது. முடிந்ததும் ஒரு நேயர் அழைப்பு. குரலைக் கேட்டதுமே நீ என்று தெரிந்துவிட்டது. அறிவிப்பாளர் பெயர் கேட்டதற்கு, தெப்ராவிலிருந்து ஒரு ரசிகர் என்றாய்.

"அந்த உறுமி யாரு வாசிச்சது?"

நான் சொன்ன பொய்யைத் திருத்த நீயே கொடுத்த வாய்ப்பு அது. கம்ப்யூட்டரில் செய்ததுங்க என்றேன். யாரோ எவரோ போல அந்த 'ங்க' வேறு.

"நல்லாருக்கு லா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மூன்று மாதத்தில், தொழிற்சாலைக்குப் போகும் வழியில் லாரி உன்னை அடித்துப் போட்டது. உன் குழுவே மேளம் கொட்ட வந்தது. உறுமிக்குத்தான் ஆள் இல்லை. உன் அம்மா என்னை ஓரமாக அழைத்து, ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி இந்தக் குச்சியைக் கொடுத்தார்.

"ஒங்க பாட்டுல அவந்தான் வாசிச்சான்னு எங்கிட்ட பொய் சொல்லிட்டான் தம்பி. ரேடியோவுல ஒங்க வாயாலயே கேட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

நீ பக்கத்திலேயே கிடந்தாய். இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அவர் கையைப் பிடித்து, "பரவால்லம்மா, விடுங்க," என்றேன்.

உன்னை நான் மன்னித்துவிட்ட நன்றிக்குத் தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு கொடுத்தனுப்புகிறார். தின்றுகொண்டுதான் இருக்கிறேன்.