போட்டு வாறன் எண்டு சொன்ன வீடு

அன்பின் சுபோதினி,

நான் சுகம். உமக்கு இருமல் விட்டுதோ?

குரோருட் எண்ட பக்கம் ஒரு வீடு பாத்தனான். ஒஸ்லோவிலை சனம் கூடக்கூட, ஒரு வீட்டுக்கு நாப்பது பேர் அடிபடுவினம். அண்டைக்கு நான் மட்டும்தான். விலையும் பாதி.

குசினியிலை ஒரு நோர்வேக்காரக் கிழவர் இருந்தவர். வெளிக்கிடேக்கை பழக்கத்திலை, "போட்டு வாறன் ஐயா" எண்டு தமிழிலை சொல்லிப்போட்டன்.

"ஓம், வாங்கோ" எண்டு அவரும் தமிழிலையே சொன்னார்.

வாசலிலை நிண்ட தரகர், வீட்டுக்காரர் மாசியிலை செத்திட்டார், உள்ளுக்கை ஒருத்தருமில்லை எண்டார்.

யோசியாதையும். வேறை வீடு கிடைக்காது, உம்மையும் பிள்ளையையும் எங்கை வைச்சிருக்கிறது? கையெழுத்து வைச்சிட்டன். கோயில் விபூதி அனுப்பும், கொஞ்சம் கூடவா.

வேலைக்கு நேரமாச்சு. கடிதம் முடிக்கேக்கை எப்பவும் எழுதிற, கிழவருக்குச் சொன்ன அந்த ரெண்டு சொல்லை இண்டைக்கு எழுதேல்லை.

கஜரூபன்