மில்லு ஓடாத நாளில் கேட்ட சத்தம்

அக்கா,

காலையிலிருந்து மழை. பின்பக்கத்துச் சுவர் ஊறிப்போய் நிற்கிறது. நனைந்த சுண்ணாம்பு வாசனை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இது மழை வாசனை. எனக்கு இது உன் வாய் வாசனை. நீ என் காதோடு காதாகக் குசுகுசுவென்று ரகசியம் பேசும்போதெல்லாம் இதேதான் வரும்.

நீ போன பிறகு வீட்டின் முன்பக்கத்தை இடித்துத் தளம் போட்டோம். டைல்ஸ் ஒட்டினோம். இந்த ஒரு சுவரை மட்டும் அம்மா யாரையும் தொடவிடவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் தானே சுண்ணாம்பு அடிப்பாள், அடித்து முடிக்கிற வரைக்கும் யாரோடும் பேசமாட்டாள்.

போன மாதம் வீடு கழுவும்போது அந்தச் சுவரில் ஓர் ஈரத்தடம் பார்த்தேன். அன்றைக்கு மழையில்லை. மண்டி போட்டு உட்கார்ந்தால் வாய்க்கு எட்டுகிற உயரத்தில், சுண்ணாம்பு கரைந்து உள்ளே மண்பூச்சு தெரிந்தது. நீ நக்கி நக்கிக் குழிந்துபோன அதே இடம். வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். செத்தவள் வந்து சுவரை நக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் முதுகு சில்லிட்டுப் போனது.

நீ வயசுக்கு வந்தபோது நம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாமா சீர்வரிசை கொண்டுவந்தார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று உன்னை உட்காரவைத்து ஊட்டியே படுத்தினார்கள். பந்தலைப் பிரித்ததும் எல்லாம் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் மாதா மாதம் உன் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உனக்கு வந்தால் நிற்காது. துணியை எல்லோருக்கும் முன்னால் எழுந்து அலசி, ஆம்பிளை கண்ணில் படக்கூடாது என்று கோணிக்கு அடியில் காயப்போடுவாய். "புதுசுல அப்டித்தான்டி கீதும், போகப் போக சரியாப் பூடும்" என்றாள் அம்மா. அவளுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நீ வெளுக்க ஆரம்பித்தாய். ஊர் சந்தோஷப்பட்டது! "வயசுக்கு வந்ததும் பொண்ணு இன்னாமா கலர் ஏறிக்கினு போறா பாரு" என்று குழாயடியில் பெருமையாகப் பேசினார்கள். உன் உள்ளங்கையில் ரேகை கூட வெளிறிப்போயிருந்தது. நகமெல்லாம் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி ஆகிவிட்டன. குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தால் உன் நெஞ்சு அடிப்பது தாவணிக்கு மேலே தெரியும்.

ஒரு மத்தியானம் நீ பின்பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாய். சாமி கும்பிடுகிறாய் என்று நினைத்தேன். கிட்டே வந்தால், நாக்கைச் சுவரில் வைத்திருந்தாய். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நாக்கு மட்டும் நிற்கவில்லை.

"இன்னாக்கா பண்ற?"

"வாசனையா கீதுடி. வேணாம்னாலும் நாக்கு கேக்குது."

அப்புறம் செங்கல் தூள், பலப்பம், பச்சரிசி. அம்மா பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள், பிறகு கேட்கவா வேண்டும்! ஏரிக்கரையில் தலைவிரி கோலமாய் நடந்தாளாம், காத்து கருப்பு அடித்துவிட்டதாம். ஆடி மாதம் உன்னைப் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் வேப்பஞ்சேலை கட்டினார்கள். ஈர வேப்பிலைக்குள் நீ கிடுகிடுவென்று நடுங்கியபடி கோயிலைச் சுற்றினாய். சுற்றிக்கொண்டே உன் மேல் கட்டிய இலையை நீயே பறித்துப் பறித்து மென்றாய். கூட்டம் அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. உன் பின்னால் வந்த எனக்கு மட்டும் நீ மெல்லுகிற சத்தம் கேட்டது.

அன்றோடு உனக்குக் கவுச்சி நின்றது. "கவுச்சி வாசனைக்குத்தான் அது ஒட்டிக்கினு கீது" என்று யாரோ சொன்னார்கள். மீன் கிடையாது, முட்டை கிடையாது, கருவாடு கூடக் கிடையாது. ஆடி முடிந்தும் அம்மாவுக்குப் பயம் விடவில்லை. அதற்குள் புரட்டாசி வந்துவிட்டது, வீட்டில் யாருக்குமே கவுச்சி இல்லை. மயங்கி மயங்கி விழுந்ததால் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்தியிருந்தார்கள். சத்துணவு முட்டையை நான் பாவாடையில் முடிந்து கொண்டுவந்து தருவேன். நீ உரிக்கமாட்டாய், ஓட்டோடு கடித்துத் தின்பாய். அந்த நறநற சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டாலும் அடுத்த நாளும் கொண்டுவருவேன்.

அந்த ஆயுத பூஜை உனக்கு மறந்திருக்காது. நைனா வேலை பார்த்த ரோலிங் மில் உட்பட சிப்காட்டில் எல்லாம் மூடியிருந்தது. வருஷம் பூரா டொம் டொம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஊரில், அன்றைக்கு மட்டும் வேப்பமரத்துக் காக்கா கத்துவது தெளிவாகக் கேட்கும். நைனா பொரிகடலை மூட்டையைப் பிரித்து நமக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, லீவுன்னியே? மில்லு ஓடுதே" என்றாய் நீ.

நைனா சிரித்தார். "இன்னாடி சொல்ற? பெரிய மெஷினுக்கே பொட்டு வெச்சிட்டு வந்துகீறேன்."

"இல்ல நைனா. ஓடுது. டொம்மு டொம்முனு. கிட்டக்க ஓடுது."

சொல்லிக்கொண்டே உன் காதைத் தொட்டுக் காட்டினாய். நைனாவின் கையிலிருந்து பொரி சிந்தியது. அவர் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. உள்ளே வந்தபோது அவர் உன் பக்கம் பார்க்கவேயில்லை.

புரட்டாசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் ஈரல் வறுத்தார்கள். நீ பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாய். "அம்மா, ஒரே ஒரு துண்டு ஈரலு குடும்மா" என்று கேட்டாய். சின்ன வயதிலிருந்து ஈரலைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவள் நீ. அம்மா பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எம் பொண்ணு ஈரலத் தொடவே மாட்டா. கேக்கறது இவ இல்ல" என்றாள். நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். அம்மா ஜன்னலை மூடிவிட்டு உன் நெற்றியில் திருநீறு பூசினாள்.

ஐப்பசி மழையில் குழாயடியில் விழுந்தாய். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் உன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு உடம்புல ரத்தமே இல்லையேம்மா, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். ரத்தம் ஏற்ற ஓடினார்கள். அது வருவதற்குள் நீ போய்விட்டாய். உன்னை வீட்டில் கிடத்தியபோது வந்த பெண்களெல்லாம், "ஒரு சொட்டு ரத்தம் இல்லாம உறிஞ்சிட்டுச்சே பாவி!" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். டாக்டர் சொன்னதும் பேயைத் திட்டியவர்கள் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. டாக்டரே சொல்லிவிட்டார் என்று ஊருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். நான் அந்த ஈரத்தடத்தைப் பார்த்தது ஆயுத பூஜை அன்று. எனக்குக் கம்பெனி லீவு, தெருவே அமைதியாக இருந்தது. என் மகள் போன வருடம்தான் வயசுக்கு வந்தாள். உன்னை அவள் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள், உன் கதையை அவளிடம் யாரும் வாய் திறந்ததில்லை. அவள் படியில் உட்கார்ந்து தலை சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னா சத்தம் அது? இன்னிக்குக் கூடவா மில்லு ஓடுது?"

நம் அம்மாவின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. "வந்துட்டாடி, எம் மூத்தவ வந்துட்டா" என்று அலறினாள். நாளைக்கே பெரியபாளையம் போகவேண்டும், இன்றோடு இவளுக்குக் கவுச்சி கூடாது என்று புரட்டாசி என்றும் பார்க்காமல் மகளுக்காக நான் அடுப்பில் வைத்திருந்த முட்டைக்குழம்பை இறக்கப் போனாள். நானும் பயந்துதான் போயிருந்தேன். ஆனால் அந்தக் குழம்புச் சட்டியைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. "கைய எடு! ஒருத்தியப் பட்டினி போட்டு அனுப்பினது போதாதா உனக்கு?" என்று கத்தினேன்.

மறுநாள் மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் இடுப்பில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு கூடவே வந்தாள். டாக்டர் ஒரு பெண், உன் காலத்தில் பிறந்தேயிருக்கமாட்டாள். மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"சுவரா, மண்ணா, பச்சரிசியா? எது திங்கத் தோணுது?"

மகள் தலையைக் குனிந்தாள். "சுவரு."

"காதுக்குள்ள மெஷின் ஓடற மாதிரி கேக்குதா? நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் உன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாளும் உன்னைப் பார்க்காதவள், மத்தியானங்களில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேய் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டபோதெல்லாம் வராத பயம் எனக்கு அந்த அறையில் வந்தது.

ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்துபோனால் அப்படித்தான் கண்டதைத் தின்னத் தோன்றுமாம். ரத்தம் தண்ணீராகிவிட்டால் அது ஓடுகிற சத்தம் காதுக்கே கேட்குமாம். வயசுக்கு வந்த புதிதில் ஹார்மோன் ஒரு நிலைக்கு வர ஓரிரண்டு வருஷம் பிடிக்கும், அதுவரை முன்னே பின்னே வரும், ஆனால் கொட்டுவதும் ஒரு வாரம் தாண்டுவதும் சும்மா விடுகிற விஷயம் இல்லை என்றாள். பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று மகள் சாக்கடையில் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "சாப்ட்டு முடிச்சிட்டுப் போடு. டீயோட போடாத. முட்டை, கீரை, ஈரல் எல்லாம் நல்லா சாப்டு" என்றாள் டாக்டர்.

ஈரல் என்றதும் அம்மா எழுந்துவிட்டாள். "எம் பெரிய பொண்ணுக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு டாக்டரம்மா. பிடிக்காத ஈரலக் கேட்டா."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "உடம்பு கேட்டிருக்கும்மா."

"அப்போ கேட்டது அவதானா?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அம்மா இடுப்பிலிருந்த வேப்பிலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாள்.

மகள் தேறி வருகிறாள் அக்கா. காதுச் சத்தம் குறைந்துவிட்டது. சுவரில் புது ஈரம் இல்லை. உன்னால் வந்த பழக்கம் ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. கம்பெனி பஸ்ஸில் சின்னப் பெண்கள் யாராவது வெளுத்துப்போய் ஜன்னலில் சாய்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதில் சத்தம் கேட்கிறதா என்று கேட்கிறேன். "இந்த அக்காவுக்குப் பேய் பிடிச்சிகீதுடோய்" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரித்துவிட்டு நாலு பேர் ரத்தம் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நேற்று உன் நினைவு நாள். இத்தனை வருஷமும் உனக்குச் சைவப் படையல்தான். படைத்துவிட்டு, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்துவார்களே, அதைக் கூட அம்மா உனக்குச் செய்ததில்லை. மூடிய அறைக்குள் நீ வந்துவிடுவாயோ என்று பயம். நேற்று காலையில் அவளே கறிக்கடைக்குப் போனாள். மிளகு போட்டு ஈரல் வறுத்தாள். இலை நிறைய வைத்து, உன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

சாரலில் நனைந்தபடி கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருந்தது. எலியாக இருக்கலாம், மழையாகவும் இருக்கலாம். நான் ஓர் அடி பின்னால் போனேன். அம்மா நகரவில்லை.

"தின்னு கண்ணு" என்றாள் கதவைப் பார்த்து. "நீதான் கேட்ட."