உன் கூட்டத்தை அவருக்குக் கொடுத்தேன்

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

இங்கே மாசி பிறந்துவிட்டது. விடியலில் போர்வை வேண்டியிருக்கிறது, பத்து மணிக்கெல்லாம் ஓடு சுடுகிறது. நீ போய்ச் சேர்ந்து, உன்னை எடுத்த பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஓடி வந்தேன். அண்ணன் வாசலை மறித்து நின்றான். என்னோடு வந்தவரை ஒரு மனுஷனாகக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை இப்படி நாலு பேர் படிக்க எழுதுகிறேன்.

நீ பார்க்காத உன் மருமகன் பேர் முருகேசன். சிங்காநல்லூர்ப் பக்கம் மோட்டார் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். நான் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிறேன். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம்.

போன வாரமும் மற்ற வாரங்களைப் போலத்தான் தொடங்கியது. சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் அவர் குடம் பிடிப்பார், நான் அரிசிம்பருப்புச் சாதம் வைப்பேன். சாயங்காலம் கதவைத் திறந்துபோட்டு ரேடியோ கேட்போம். வீட்டுக்கார அக்கா முருங்கைக் கீரை ஒடித்துத் தருவார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதற்காகத்தானே ஊரை விட்டு வந்தோம்?

அந்த வீடு சும்மா கிடைக்கவில்லை அம்மா. முதல் நாளே எந்த ஊர், எந்தக் கூட்டம், அதாவது நம் சாதிக்குள் எந்தக் குலம் என்று அக்கா கேட்டார். அப்பா கூட்டத்தைச் சொன்னேன். இவர் என் மாமன் மகன் என்று கூசாமல் சொன்னேன். யாராவது உங்களைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள் என்று உன் பிறந்த வீட்டுக் கூட்டத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஊருக்கு வெளியே காலனியில் பிறந்தவரை உன் அண்ணன் மகனாக்கினேன். பொய்யிலாவது அவர் உன் பக்கத்து ஆளாக இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

வெள்ளிக்கிழமை நான் பூத்தில் இருந்தேன். சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பும் பேச்சில், நீங்க எந்தக் கூட்டமுங்க தம்பி என்று அக்கா அவரைக் கேட்டிருக்கிறார். அவருக்கு உன் கூட்டத்தின் பேர் மறந்துவிட்டது. யார் கேட்டாலும் நான் சொல்லிக் கேட்ட பேர்தான் வாயில் வந்திருக்கிறது. அப்பாவின் கூட்டத்தைச் சொல்லிவிட்டார்.

ஒரே கூட்டத்தில் பிறந்தால் அண்ணன் தங்கை முறை. அங்கே பெண் எடுக்கவே மாட்டார்கள். உனக்குத் தெரியாததா? அவருக்குத் தெரியாது.

"அந்தப் புள்ளையும் அதே கூட்டம்னுதானுங்க சொல்லுச்சு. அப்ப அண்ணனும் தங்கச்சியுமா குடித்தனம் பண்றீங்க?" என்று கேட்டாராம் அக்கா.

நான் வீட்டுக்கு வந்ததும், "உன்னை எனக்குத் தங்கச்சியாக்கிப்போட்டேன் புள்ள" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் ரேடியோவைக்கூட யாரும் போடவில்லை.

சனிக்கிழமை கீரை வரவில்லை. அன்றைக்குத் தண்ணீர் எல்லோரும் பிடித்த பிறகுதான் எங்களுக்கு என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்தார். பையன் பங்குனியில் வருகிறானாம், வீடு வேண்டுமாம். தப்பாக நினைக்கக் கூடாதாம். என்ன ஒரு மரியாதை! நம் ஆட்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுகிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு எந்தக் கூட்டமும் இல்லீங்கக்கா. காலனியில பொறந்தவரு. அதானே உங்களுக்குத் தெரியோணும்?" என்றேன்.

"அதெல்லாம் எனக்கெதுக்குங்க கண்ணு? பையன் வாரான், அவ்வளவுதான்" என்று படி இறங்கிப் போனார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டே உன் கூட்டத்தின் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. "அடுத்த ஊட்டுல தப்பில்லாம சொல்லிப்போடறேன்" என்றார். அவருக்கு என் மேல் கோபம்கூட இல்லை அம்மா. ஒரு மனுஷனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்?

ஒன்று கேட்கட்டுமா? அண்ணன் மறித்த அந்த வாசலில் நீ நின்றிருந்தால் எங்களை உள்ளே விட்டிருப்பாயா? விட்டிருப்பாய் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. நிச்சயமாகத் தெரியவில்லை.

உன் கூட்டத்தை உனக்கே திருப்பித் தருகிறேன். இனி அதை அவர் சொல்ல மாட்டார், நான் சொல்லவும் விடமாட்டேன். நாளைக்கு வீடு பார்க்கப் போகிறோம். வாசலில் நின்று யாரும் கேட்பதற்கு முன்னால் அவர் அப்பா பேரையும் அந்தக் காலனியின் பேரையும் நானே சொல்வேன். கதவைச் சாத்தினால் அடுத்த கதவு. அங்கேயும் அதையேதான் சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

உன் அண்ணனுக்குப் பிறக்காத உன் மருமகனோடு வாழும்,
உன் மகள்