எனக்கு மட்டுமாவது கட்டாயப் பட்டாள உத்தரவு வேண்டுவது

அனுப்புநர்:
சி. கண்ணுசாமி, வயது 28, விவசாயம்,
வேப்பங்காட்டுப்புதூர், ராசிபுரம் வழி, சேலம் ஜில்லா.

பெறுநர்:
கனம் கலெக்டர் துரை அவர்கள்,
கலெக்டர் கச்சேரி, சேலம்.

பொருள்: பட்டாளத்தில் சேருவதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருப்பதால் என் குடும்பத்தில் நேர்ந்துள்ள கஷ்டமும், அதற்குப் பரிகாரம் கோருவதும்.

மகா கனம் பொருந்திய ஐயா,

நான் இதற்கு முன் எந்தக் கச்சேரிக்கும் மனு எழுதியவனல்ல. எங்கள் ஊரில் பாதை, வாய்க்கால், வரப்பு என்று மனுப் போடாதவர்கள் குறைவு. அவர்கள் எல்லாரும் சர்க்கார் தங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றே கேட்டிருப்பார்கள். தன்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கேட்பவன் அநேகமாக நான் ஒருவனே. ஆகையால் இம்மனுவைக் கடைசி வரை படித்தருளப் பிரார்த்திக்கிறேன்.

சென்ற ஆவணி மாதம் ராசிபுரம் சந்தைக்கு வெங்காயம் விற்கப் போயிருந்தேன். அன்று பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் லாரி வந்திருந்தது. முதலில் கிராமபோனில் பாட்டு வைத்தார்கள். பிறகு ஹவில்தார் ஒருவர் லாரி மேல் நின்று சாப்பாடு, பூட்ஸ், கம்பளி முதலிய சௌகரியங்களைச் சொல்லி, இஷ்டமுள்ளவர்கள் வரலாம் என்று கேட்டுக்கொண்டார். பாட்டுக் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு பெரிய ராஜாங்கத்தின் ஹவில்தார் வெற்றிலைக்காரியை விடத் தணிந்த குரலில் ஆட்களைக் கூப்பிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். பத்திரிகை கையில் கிடைத்தால் மருந்து விளம்பரம் உட்பட வாசிப்பவன். ஆகவே வெங்காய மூட்டை மேல் ஏறி நின்று, “சீமையில் கட்டாயச் சட்டம் போட்டு ஆள் எடுக்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் கெஞ்ச வேண்டும்? சட்டம் போடட்டும். போட்டால் முதல் ஆளாக நான் வரிசையில் நிற்பேன்” என்று பேசினேன். சந்தையே கை தட்டிற்று. என் ஆயுளில் எனக்காக யாரும் கை தட்டியது அன்றுதான்.

ஹவில்தாரும் சந்தோஷப்பட்டார். “சட்டமெல்லாம் எதுக்குங்க? இப்பவே வாங்க, பேரு எழுதிக்கலாம்” என்றார்.

அது என் கொள்கைக்கு விரோதம், கட்டாயப்படுத்தினால் மட்டுமே வருவேன் என்று தெரிவித்தேன். அதற்கும் கை தட்டினார்கள். முன்னைவிடப் பலமாகவே தட்டினார்கள். அந்த இரண்டாவது கைதட்டலின் அர்த்தம் ஊர் வந்து சேர்ந்த பிறகே எனக்கு விளங்கிற்று.

எங்கள் ஊரில் வேறு கண்ணுசாமிகளும் உண்டு. ஆகையால் என்னைக் ‘கட்டாயம்’ என்று அழைப்பது தபால்காரர் உட்பட எல்லாருக்கும் சௌகரியமாகிவிட்டது. சவரத்துக்குப் போய் உட்கார்ந்தால், “ஏனுங்க, கட்டாயம் வந்துருச்சுங்களா, இல்ல இன்னும் ரோட்டுலதான் வருதுங்களா?” என்று கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நான் கத்திக்கு வசதியாகக் கழுத்தை நீட்டிக் காட்டுகிறேன்.

இதுவரை சொன்னது வெளி விவகாரம். வீட்டு விவகாரத்தை இனிக் கலெக்டர் சமூகத்தில் தெரிவிக்கிறேன். என் தாயார் ராமாயி, “எங்கண்ணு மூடற வரைக்கும் நீ இந்த ஊட்டுப் படியத் தாண்டப்படாது சாமி” என்கிறார். என் மனைவி வசந்தாமணியோ, “அத்தன பேரு முன்னால சொல்லிப்போட்டு வந்தீங்கல்லோ, போங்க. கெணத்தடில என்னையக் கட்டாயத்தோட பொண்டாட்டிங்கறாளுக” என்கிறாள். போகிறேன் என்றால் தாயார் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். போகவில்லை என்றால் மனைவி களியை மட்டும் வைத்துவிட்டுக் குழம்பை மறந்துவிடுகிறாள். இரண்டும் சொல்லாமல் இருந்து பார்த்தேன். அப்போது இருவரும் சேர்ந்து கோபித்தார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு தடவைதான்.

கட்டாய ராணுவச் சேவை ஒரு தேசத்துக்கு நல்லதா கெட்டதா என்று பத்திரிகைகளில் படித்தவர்கள் எழுதுகிறார்கள். சுதந்திரம், கடமை முதலிய சொற்கள் அவற்றில் நிறைய வருகின்றன. அடுப்பங்கரையைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். சட்டம் என்று ஒன்று இருந்தால் போகிறவன் அழுதுகொண்டே போகலாம். வீட்டிலுள்ளவர்கள் சர்க்காரை வைதுகொண்டே பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். யாருக்கும் யார் மேலும் மனவருத்தமில்லை. இஷ்டம் என்று விட்டதனால் இத்தனை பெரிய யுத்தத்தின் பொறுப்பு முழுவதும் எங்கள் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது. வசவு வாங்குவது சர்க்காருக்குப் பழக்கம். எனக்கு வசவு விழுந்தால் சோறு இறங்குவதில்லை.

ஆகவே பக்கத்துக் காட்டுக்காரனாகிய என் சிநேகிதன் ரங்கனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்டேன். ரங்கன் அதிகம் பேசாதவன். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறினோம், அது மேட்டில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளச் சொல்லிக் கண்டக்டர் அதட்டினார். வக்கீல் குமாஸ்தா முதல் மாட்டு வியாபாரி வரை எல்லாரும் தள்ளினோம். உங்களுக்கு இஷ்டமா என்று அவர் ஒருவரையும் கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. இதைச் சமூகம் கவனிக்க வேண்டும்.

சேலத்தில் ஆள் சேர்க்கும் ஆபீசில் அதே ஹவில்தார் இருந்தார். “வெங்காய மூட்டைக்காரர்தானுங்களே?” என்று அடையாளம் கண்டுகொண்டார். போலீசாரோடு வந்து என்னைப் பலவந்தமாக இழுத்துப் போகும்படியும், தாயார் மனத்திருப்திக்காக நான் சற்றே திமிறுவேன், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். “அப்பிடி இழுத்துட்டு வந்தா என்னையத்தானுங்க உள்ள வெப்பாங்க” என்று மறுத்துவிட்டார். ஆனால் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, அந்தப் பக்கம் வரும்போது வீட்டில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

சொன்னபடி இந்தப் புரட்டாசித் தொடக்கத்தில் லாரியோடு வந்தார். தாயார் கோழி அடித்துச் சோறு போட்டார். போட்டுக்கொண்டே, “இவனுக்கு மழையில நனஞ்சா சளி புடிச்சுக்குமுங்க” என்றார். “வெயில்ல நின்னாத் தலவலி வந்துருமுங்க. ஆனாலும் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றாள் மனைவி. “யுத்தத்துல ரெண்டும் இருக்குதுங்கம்மா” என்றார் ஹவில்தார். என் வயிறு, தூக்கம், பாம்பைக் கண்டால் நான் செய்வது ஆகியவற்றைப் பற்றி இருவரும் மாறி மாறி வாதித்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டபடி சாப்பிட்டு முடித்து என் பக்கம் திரும்பி, “உங்களுக்குப் போகோணும்னு இருக்குதுங்களா, இல்லீங்களா?” என்றார்.

நான் தாயார் முகத்தைப் பார்த்தேன். மனைவி முகத்தைப் பார்த்தேன். மறுபடி திரும்புவதற்குள் அவர் எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார். “அம்மா, இவரு எனக்கு வேண்டாங்க. இந்த ஊட்டுல ஆள் எடுக்கறதுன்னா உங்க ரெண்டு பேரத்தான் எடுக்கோணும்” என்றார். அவர்கள் இருவருக்கும் அது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது கட்டுத்தறி அருகே நின்றிருந்த ரங்கன், “நான் வரட்டுங்களா?” என்றான்.

“இஷ்டப்பட்டுத்தானுங்களா?” என்றார் ஹவில்தார்.

“ஆமாங்க.”

அவன் பேசியது அவ்வளவுதான். அவன் தாயார் ஆத்தாயி ஓடி வந்து அழுதாள். “ஏஞ்சாமி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலியா?” என்று கேட்டாள். “இப்பத்தான் எனக்கே தோணுச்சும்மா” என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு வேட்டியும் கடலை உருண்டையும் பையில் போட்டுக் கொடுத்தாள். ரங்கன் லாரியில் ஏறினான். யாரும் கை தட்டவில்லை. நான் தட்டலாம் என்று கையை எடுத்தேன். ஆத்தாயியின் முகத்தைப் பார்த்து இறக்கிக்கொண்டேன்.

அன்று முதல் ஊரில் என்னை யாரும் கட்டாயம் என்று அழைப்பதில்லை. வெறுமனே கண்ணுசாமி என்கிறார்கள். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆத்தாயிக்கு வேறு ஆள் இல்லாததால் ரங்கன் காட்டையும் நானே உழுது வருகிறேன். இதைச் செய்யும்படி என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற விவரத்தைச் சமூகம் தயவுசெய்து பதிவில் சேர்க்க வேண்டாம். என் கொள்கைக்கு அது பாதகமாகும்.

ஆகவே தேசம் முழுவதற்கும் சட்டம் போடுவது தற்சமயம் சாத்தியமில்லை என்றால், என் ஒருவன் விஷயத்தில் மட்டுமாவது கட்டாயம் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவிடப் பிரார்த்திக்கிறேன். அது முடியாதென்றால், மேற்படி கண்ணுசாமி எக்காரணம் கொண்டும் பட்டாளத்தில் சேரக் கூடாது என்றாவது கட்டாயப்படுத்த வேண்டும். இரண்டில் எதற்கும் மனப்பூர்வமாகக் கீழ்ப்படிவேன். எதுவாயினும் சர்க்கார் முத்திரை வைத்து, தலையாரி தப்பட்டை அடித்து, என் தாயாருக்கும் மனைவிக்கும் ஒரே சமயத்தில் கேட்கும்படி படிக்கச் செய்ய வேண்டும்.

இம்மனுவை எழுதி முடித்து மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “இத்தன எழுதியிருக்கீங்க. உங்களுக்குப் போக ஆசையா இல்லியான்னு ஒரு வரி எழுதலியேங்க” என்றாள். அந்த வரியைச் சமூகம் பூர்த்தி செய்வதே முறை என்று கருதிக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

மனுவை அனுப்புவதா வேண்டாமா என்றும் ஒரு யோசனை வந்தது. நாளை பார்க்கலாம் என்று மடித்தேன். வசந்தாமணி அதைப் பிடுங்கி விரித்து, மைக்கூட்டை என் முன்னால் வைத்து, “போடுங்க கையெழுத்த. போடாம இந்த எடத்த உட்டு எந்திரிக்கப்படாது” என்று சொல்லி வாசலை மறித்து நின்றாள். உடனே போட்டுவிட்டேன். இந்த இரண்டு மாதத்தில் என் மனம் இவ்வளவு லேசாக இருந்ததில்லை.

மனுதாரன் பட்டாளத்துக்குப் போக வேண்டியது / போகக் கூடாது.
(வேண்டாததைச் சமூகம் அடித்துவிடவும்.)

இடம்: வேப்பங்காட்டுப்புதூர்
தேதி: 1943 அக்டோபர் 11

இப்படிக்கு, தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
சி. கண்ணுசாமி
(மனைவியின் கட்டாயத்தின் பேரில்)